பள்ளியில் சமரச மன்றம்: வடசென்னையில் முதன்முதலாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காலை இறைவணக்கத்துக்கு முன்பு குழாயடியில் ஒருவன் இன்னொருவன் மீது தண்ணீரைத் தெளித்துவிடுகிறான். முதல் பாடவேளையில் அது முறைப்பாக இருக்கிறது. சத்துணவு வரிசையில் தள்ளுமுள்ளாகிறது. மாலை மணி அடிப்பதற்குள் "வாசலுக்கு வெளியே வா" என்ற சொல் நான்கு வகுப்புகளைச் சுற்றி வந்துவிடுகிறது. பள்ளி விடும்போது வாசலில் ஒருவனுடைய அண்ணன் நிற்கிறான், அண்ணனின் நண்பர்கள் நிற்கிறார்கள், எதிர்ப்புறத்தில் மற்றவனுடைய தெருவே நிற்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் கொண்ட தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும், இரண்டு பிள்ளைகளின் சண்டை இரண்டு தெருக்களின் சண்டையாக மாறுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

காலை எட்டே முக்காலுக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் அந்தச் சண்டையை இரண்டு பிள்ளைகளின் அளவிலேயே நிறுத்திவைக்க ஒரு வழி இருக்கிறது. மாணவர்களே நடுவில் உட்கார்ந்து, சண்டையிட்ட இருவரையும் பேச வைக்கும் சமரச மன்றம் அது. வடசென்னைப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகளாக இதை நடத்திவரும் ஆசிரியர் நான். புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும் மன்றத்தில் சேர விரும்பும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்வோம்

மன்றத்தைப் பற்றிச் சொன்ன முதல் நாளே பிள்ளைகள் கேட்பார்கள்: "பஞ்சாயத்து மாதிரியா?" கேள்வி நியாயமானது. நம் மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து கூடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் லாரி வரும்போது குட வரிசைச் சண்டையை ஒரு பெரியவர் தீர்த்துவைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பஞ்சாயத்தில் முடிவைச் சொல்பவர் பெரியவர். யார் மேல் தப்பு, எவ்வளவு அபராதம் என்பது அவர் வாயிலிருந்து வரும். சமரசத்தில் நடுவில் உட்காருபவருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் கேட்கலாம், திருப்பிச் சொல்லலாம், கேள்வி கேட்கலாம். முடிவு சண்டையிட்ட இருவருடையது.

பெரியவர்களின் உலகில் இந்த முறை நம் வாசலிலேயே இருக்கிறது. பாரிமுனையில் உள்ள சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் சமரசத் தீர்வு மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவிலேயே முதலாவது அதுதான். பள்ளிகளில் மாணவர்களையே நடுவில் அமர்த்தும் வழக்கம் அமெரிக்காவில் 1980-களில் பரவியது.

மன்றத்துக்குப் பெயர் தேடும்போது எங்கள் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வந்தன. "சமரசம்" என்ற சொல்லையே வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏழுகிணற்றில் வாழ்ந்து, திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வந்த வள்ளலார் 1865-இல் தொடங்கிய சங்கத்தின் பெயரில் முதல் சொல் அது. நம் பகுதியின் தெருக்களில் நடந்த ஒருவருடைய சொல் என்று சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறியது.

அனுமதியும் இடமும்

தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: என்னென்ன பிரச்சினைகளை எடுத்துக்கொள்வோம், எவற்றைத் தொடமாட்டோம், எந்த நேரத்தில் எந்த அறையில் அமர்வு நடக்கும், பொறுப்பாசிரியர் யார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் அதைப் படித்துக் காட்டிவிடுங்கள். பெற்றோர் ஒருவர் பின்னாளில் "என் பிள்ளையை மாணவர்களை வைத்து விசாரித்தீர்களா?" என்று கேட்டு வரும்போது அந்த ஒரு பக்கம் உங்களுக்குத் துணை நிற்கும்.

அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம், சுற்றுச்சூழல் மன்றம் போன்றவை ஏற்கெனவே இயங்குகின்றன. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றமும் 2024 நவம்பரில் வந்திருக்கிறது. புதிய மன்றத்தை இவற்றின் வரிசையில் சேர்த்துவிடுவது எளிது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் கீழ் மட்டும் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் மன்றத்துக்கு வருவதே தண்டனை என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள், யாரும் தாமாக வரமாட்டார்கள்.

அறையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நூலகத்தின் ஒரு மூலையோ ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையோ போதும். ஆசிரியர் ஓய்வறை கூடாது. ஜன்னல் வழியே மற்றவர்கள் எட்டிப் பார்க்கும் இடமும் கூடாது.

தொடக்கூடாதவை

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய மன்றம் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் செய்ய வாய்ப்பிருப்பது இங்கேதான்.

பாலியல் தொல்லை சம்பந்தப்பட்ட எதுவும் சமரசத்துக்கு வரக்கூடாது. தொட்டான், படம் எடுத்தான், படத்தை அனுப்பினான் என்று ஒரு பிள்ளை சொன்ன கணமே அமர்வு நிற்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இப்படியொரு குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. அந்தத் தண்டனை சிறாருக்குப் பொருந்தாது, ஆசிரியருக்குப் பொருந்தும். "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு மரியாதைக்குரியவர் சொன்னாலும், அதற்கு உடன்படாதீர்கள்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதும் மன்றத்தின் வேலை அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் பள்ளித் தோழர்களாலேயே சாதிப் பகையால் வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அது தென்மாவட்டத்துச் செய்தி, சென்னையில் அப்படி இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட பேச்சு வந்தால் தலைமை ஆசிரியரிடம் உடனே போக வேண்டும். இழிவுபடுத்தப்பட்டவனையும் இழிவுபடுத்தியவனையும் எதிரெதிரே உட்காரவைத்து "இருவரும் விட்டுக்கொடுங்கள்" என்று சொல்வது அநியாயம்.

தொடர்ந்து ஒருவனையே குறிவைத்துக் கொடுமைப்படுத்துவதும் இதே வகைதான். சமரசத்துக்கு இரு தரப்பும் ஏறக்குறைய சம பலத்தோடு இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் மூவர் ஆறாம் வகுப்புச் சிறுவனிடம் தினமும் பத்து ரூபாய் பிடுங்கினால் அதற்குப் பெயர் சண்டை அல்ல. அந்தச் சிறுவனை அவர்கள் எதிரில் உட்காரவைத்தால் அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான், மறுநாள் இருபது ரூபாய் கொடுப்பான்.

ஆயுதம், போதைப்பொருள், தன்னையே காயப்படுத்திக்கொள்வது, வீட்டில் அடி: இவையும் பெரியவர்களுக்கே உரியவை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் மன்ற அறையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இவ்வளவும் போனால் மிச்சம் என்ன என்று கேட்கலாம். ஏராளம் இருக்கிறது. பட்டப்பெயர், உட்காரும் இடம், திருப்பித் தராத இருபது ரூபாய், கால்பந்து அணியில் விடுபட்ட பெயர், உடைந்த ஜாமெட்ரி பாக்ஸ், வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியது, நட்பை விட்டு இன்னொருத்தியோடு சேர்ந்தது. பெரியவர்களின் கண்ணுக்கு இவை அற்பமாகத் தெரியும். வாசலில் கூட்டம் சேருவது பெரும்பாலும் இவற்றால்தான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

முதல் ஆண்டில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். வகுப்புத் தலைவர்களையும் முதல் மதிப்பெண் எடுப்பவர்களையும் நடுவில் உட்காரும் சமரசர்களாக நியமித்தோம். இரண்டு மாதங்களில் மூன்றே மூன்று வழக்குகள்தான் வந்தன. ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளைகளிடம் போய் யார் மனத்தைத் திறப்பார்கள்?

அடுத்த ஆண்டு ஒவ்வொரு வகுப்பிலும் துண்டுச்சீட்டு கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், ஒரே கேள்வி: "உனக்கு ஒரு சிக்கல் வந்தால் இந்த வகுப்பில் யாரிடம் சொல்வாய்?" சீட்டுகளைப் பிரித்தபோது நாங்கள் எதிர்பார்க்காத பெயர்கள் வந்தன. அடிக்கடி தாமதமாக வருகிறான் என்று நானே திட்டிய ஒரு மாணவனின் பெயர் பதினேழு சீட்டுகளில் இருந்தது. அப்படிப்பட்டவர்களைத்தான் எடுக்க வேண்டும்.

பன்னிரண்டு முதல் பதினாறு பேர் போதும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு இருப்பதால் ஒன்பதிலிருந்தும் பதினொன்றிலிருந்தும் எடுப்பது நல்லது. பையன்களும் பெண்களும் கலந்திருக்கட்டும். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளும் ஹவுசிங் போர்டுப் பிள்ளைகளும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தவர்களும் இருக்கட்டும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் உண்டு, அவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை கைகலப்பில் மாட்டியவன் என்பதற்காக ஒருவனை ஒதுக்க வேண்டியதில்லை. கோபம் எப்படி ஏறும் என்பது அவனுக்குத் தெரியும்.

பயிற்சி

ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலை வசதியாக இருக்கும். சொற்பொழிவு வேண்டாம், எல்லாம் செய்து பார்ப்பதாகவே இருக்கட்டும்.

முதல் பயிற்சி கேட்பது. இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். பிறகு கேட்டவர், "நீ சொன்னது இது, சரிதானா?" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாளில் கிட்டத்தட்ட எல்லோரும் தவறுவார்கள். திருப்பிச் சொல்லும்போதே தங்கள் கருத்தைக் கலந்துவிடுவார்கள். மூன்றாவது வாரத்தில் பழகிவிடும். மற்ற பயிற்சிகளைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது, கேள்விகள். "ஏன் அடித்தாய்?" என்று கேட்டால் நம் காதில் அது குற்றச்சாட்டாகவே விழும், பதிலும் சண்டையாகவே வரும். "என்ன நடந்தது?", "அப்போது உனக்கு எப்படி இருந்தது?", "இனி எப்படி நடந்தால் உனக்குச் சரியாக இருக்கும்?" என்று கேட்கப் பழக்குங்கள். "ஏன்" என்ற சொல்லையே பயன்படுத்தாமல் பத்து நிமிடம் பேசும் விளையாட்டு ஒன்று வைத்திருக்கிறோம், பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

மூன்றாவது, சொற்களைத் துலக்குவது. "அவன் ஒரு திருடன்" என்று ஒருவன் சொன்னால், சமரசர் அதை "உன்னுடைய பொருளைக் கேட்காமல் எடுத்தது உனக்குக் கோபம் தந்திருக்கிறது" என்று மாற்றிச் சொல்ல வேண்டும். வசைச்சொல் போய்விடும், விஷயம் தங்கும். நம் பேச்சில் "டா", "டி" என்பவை நட்பாகவும் வரும், இளக்காரமாகவும் வரும். ஆகவே அமர்வு முடியும்வரை எல்லோரும் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது.

ஓர் அமர்வு எப்படி நடக்கும்

ஒரு வழக்கையே சொல்கிறேன். அந்த இருவரும் பள்ளி முடித்துப் போய்விட்டார்கள், பெயர் சொல்லாமல் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் முன்னாலிருந்து இரண்டாவது பெஞ்ச், மின்விசிறிக்கு நேர் கீழே. அந்த இடத்துக்காக இருவருக்கும் ஒரு வாரமாகச் சண்டை. ஒருவனுடைய பை ஜன்னல் வழியே வெளியே போனது, மற்றவனின் சட்டைப் பை கிழிந்தது. வகுப்பாசிரியர் தீர்த்திருந்தால் அகரவரிசைப்படி உட்காரவைத்திருப்பார், இருவரும் பள்ளிக்கு வெளியே சண்டையைத் தொடர்ந்திருப்பார்கள்.

மன்றத்தில் நான்கு நாற்காலிகள். சமரசர்கள் எப்போதும் இருவர், அன்று பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் மாணவன் ஒருவனும். சண்டையிட்டவர்களை நேருக்கு நேர் உட்காரவைக்காமல், இருவரும் சமரசர்களைப் பார்க்கும்படி சற்றுச் சாய்வாக நாற்காலிகளைப் போட்டார்கள். மேசையில் ஒரு சொம்பு தண்ணீர், இரண்டு டம்ளர். தண்ணீர் குடிக்கும் சாக்கில் கிடைக்கும் அரை நிமிடம் கோபத்தைத் தணிக்கும் என்பதை அனுபவத்தில் கற்றிருக்கிறோம்.

மாணவி விதிகளைச் சொன்னாள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. திட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது. இங்கே பேசியது இங்கேயே இருக்கும், யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ஆசிரியரிடம் சொல்வோம். நாங்கள் தீர்ப்பு சொல்லமாட்டோம். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். பிறகு இருவரையும் தனித்தனியாக "சம்மதமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சம்மதம் இல்லாமல் பிடித்துக்கொண்டு வந்த சமரசம் நிலைத்து நான் பார்த்ததில்லை.

முதலில் பேசியவன் அந்த இடம் தனக்கு ஜூன் மாதத்திலிருந்தே உரியது என்றான். இரண்டாமவன் பெஞ்ச் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை என்று தொடங்கினான். மாணவி கையை மெதுவாக உயர்த்தினாள், அவன் நிறுத்திக்கொண்டான். இரண்டு பேர் சொன்னதையும் சமரசர்கள் திருப்பிச் சொன்னார்கள். இருவரும் "ஆமாம்" என்றார்கள். அதுவரை எதுவும் நகரவில்லை.

பிறகு சமரசரான மாணவன் கேட்டான்: "அந்த இடத்தில் உட்கார்ந்தால் உனக்கு என்ன கிடைக்கிறது?"

நெடுநேரம் பதில் இல்லை. சமரசர்களும் பேசவில்லை. பேசாமல் காத்திருப்பது பெரியவர்களுக்கே கடினமானது, அந்த இருவரும் காத்திருந்தார்கள். முதலாமவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான். காற்று இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் உடம்பில் மீன் வாடை தெரியும், பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். மற்றவன் அவனைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய காரணம் வேறு. பின்பெஞ்சிலிருந்து அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. வீட்டில் சொன்னால் கண்ணாடிக்குச் செலவாகும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒருவனுக்கு வேண்டியது காற்று, மற்றவனுக்கு வேண்டியது கரும்பலகை. ஆறு நாட்களாக இருவரும் கேட்டது பெஞ்ச். முடிவை அவர்களே சொன்னார்கள்: பார்வை சரியில்லாதவன் முதல் வரிசைக்குப் போவான், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் இடம் மற்றவனுக்கு. கிழிந்த சட்டையைத் தன் அம்மாவிடம் கொடுத்துத் தைத்துத் தருவதாக முதலாமவன் சொன்னான், அதை யாரும் கேட்கவில்லை. கண் பரிசோதனை விஷயத்தை மட்டும் பார்வை சரியில்லாதவனின் அனுமதியோடு என்னிடம் சொன்னார்கள். பள்ளிக் கண் பரிசோதனை முகாமில் அவனுக்கு இலவசக் கண்ணாடி கிடைத்தது.

ஒப்பந்தச் சீட்டு

பேசி முடித்ததை எழுதிவையுங்கள். அரைத்தாள் போதும். யார், என்ன, எப்போதிலிருந்து என்பது தெளிவாக இருக்க வேண்டும். "இனி நல்லபடியாக இருப்போம்" என்று எழுதினால் அது ஒப்பந்தம் ஆகாது. "திங்கள்கிழமையிலிருந்து அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்" என்பது ஒப்பந்தம். இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் கழித்து அதே சமரசர்கள் இருவரையும் ஐந்து நிமிடம் சந்தித்து எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டும்.

மன்னிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒருமுறை, வகுப்பு முழுவதற்கும் முன்னால் மன்னிப்புக் கேட்பதாக ஒரு மாணவியின் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. சமரசர்களில் ஒருத்தி சொல்லிக் கொடுத்து வந்த யோசனை அது. அந்தப் பெண் மூன்று நாட்கள் பள்ளிக்கே வரவில்லை. அதற்குப் பிறகு, மன்னிப்பைச் சமரசர் முன்மொழியக் கூடாது, வந்தால் தானாக வரட்டும் என்பதை விதியாக்கினோம்.

ஆசிரியர் எங்கே இருக்க வேண்டும்

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அறைக்கு வெளியே. அமர்வு முடிந்ததும் "என்ன சொன்னான்?" என்று கேட்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை ஓய்வறையில் அது பேச்சாகிவிட்டால் மன்றம் அன்றே மூடியதற்குச் சமம். குறிப்பேட்டில் பெயர்கள் வேண்டாம்: தேதி, வகுப்பு, எந்த வகைச் சிக்கல், முடிந்ததா இல்லையா. ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பேடு நிறையச் சொல்லும். எங்களுக்கு ஜூன், ஜூலையில் கடன் தகராறுகள் அதிகம் வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வேலையை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது, அது இருபது ரூபாய்ச் சண்டையாக வகுப்புக்குள் வருகிறது என்று குறிப்பேட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம்.

சமரசர்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை மற்றவர்களின் கோபத்தைத் தினமும் சுமக்க முடியாது. வாரத்துக்கு ஒரு வழக்குக்கு மேல் ஒருவருக்குக் கொடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அவர்களை மட்டும் உட்காரவைத்து, எது கனமாக இருந்தது என்று கேளுங்கள். தன் தெருக்காரர், உறவினர், நண்பர் சம்பந்தப்பட்ட வழக்கில் சமரசர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வாசலில் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்துவிட்டால் எந்தச் சமரசரும் நடுவில் போய் நிற்கக் கூடாது, அது ஆசிரியர்களின் பொறுப்பு. இதைப் பயிற்சியின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் சொல்லுங்கள்.

எல்லா அமர்வும் உடன்பாட்டில் முடியாது. இருவரும் பேசிவிட்டு, ஒத்துப்போகாமல், ஆனால் கை ஓங்காமல் எழுந்து போவதும் உண்டு. அதைக் குறிப்பேட்டில் "முடியவில்லை" என்று எழுதிவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி வர விருப்பமா என்று கேளுங்கள். பாதிப் பேர் வருகிறார்கள்.

ஜனவரி பிறந்ததும் அடுத்த ஆண்டுக்கான துண்டுச்சீட்டு வேலையைத் தொடங்கிவிடுங்கள். தேர்வானவர்களுக்கு பிப்ரவரியில் பயிற்சி கொடுத்து, இருதரப்பின் சம்மதத்தோடு இரண்டு அமர்வுகளிலாவது ஐந்தாவது நாற்காலியில் வாய் திறக்காமல் உட்காரவையுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே குழாயடியில் தண்ணீர் தெளிக்கும், அப்போது அவர்கள் தயாராக இருக்க வேண்டும்.